கடை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு உரிமை?

2021 நவம்பர் 3ஆம் தேதி தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் அதில் இணைந்தன. ஊர் மாநகராட்சியானால் சாலை வரும், பாதாளச் சாக்கடை வரும், கூடவே வரியும் ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதிகம் பேசாத இன்னொரு விளைவும் உண்டு. 2003ஆம் ஆண்டின் மதுபானச் சில்லறை விற்பனை விதிகளின்படி, மாநகராட்சியிலும் நகராட்சியிலும் கோயிலுக்கோ பள்ளிக்கோ 50 மீட்டருக்குள் மதுக்கடை வரக்கூடாது. மற்ற ஊர்களில் அது 100 மீட்டர். வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று நகரமைப்பு வரைபடம் குறித்த இடமாக இருந்தால் அந்தத் தூரக் கணக்கும் கிடையாது. ஆக, பேரூராட்சியாக இருந்தவரை சிட்லபாக்கத்துப் பள்ளிக்கு இருந்த 100 மீட்டர் பாதுகாப்பு, மாநகராட்சி என்ற பெயர் வந்ததும் பாதியாகிவிடுகிறது. தமிழ்நாட்டு மதுவிலக்கின் வரலாற்றைப் பொதுவாக முதலமைச்சர்களின் வரலாறாகச் சொல்லிவிடுகிறோம்: இன்னார் கொண்டுவந்தார், இன்னார் எடுத்தார் என்று. அந்த வரலாற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வி நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக விடையின்றிக் கிடக்கிறது. என் ஊரில் இந்தக் கடை வேண்டாம் என்று சொல்ல அந்த ஊருக்கு உரிமை உண்டா என்பதே அது. மாநிலம் முழுவதற்குமான மதுவிலக்கு வந்தும் போயும் இருக்கிறது. இந்த உரிமை மட்டும் ஒருமுறைகூட வரவில்லை. தென் சென்னைப் புறநகரின் கதையே இதற்குப் போதிய சான்று.

இன்று தாம்பரத்தைப் பார்ப்பவர்களுக்கு அது பனங்காட்டு ஊராக இருந்தது என்று நம்புவது கடினம். 1931 மே மாதம் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தது. அதற்கு முன் இந்த வட்டாரம் செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏரிப்பாசனக் கிராமங்களின் தொடர்தான். ஏரிக்கரைதோறும் பனை நின்றது. பனையேறி காலையும் மாலையும் ஏறி, பாளையைச் சீவி, முட்டியைக் கட்டுவார். முட்டியின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர். தடவாவிட்டால் அதே பாளையிலிருந்து இறங்குவது கள். ஒரு கை சுண்ணாம்பில் இருந்த இந்த வேறுபாட்டின்மீதுதான் சென்னை மாகாண அரசின் கஜானாவில் ஒரு பெரிய பங்கு நின்றது. 1886ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டம், அதாவது மதுத் தீர்வைச் சட்டம், மரத்துக்கு வரி போட்டது. கடைக்கு ஏலம் விட்டது. குத்தகைக்காரர் ஏலத்தில் எடுத்த தொகையை ஆண்டு முடிவதற்குள் மீட்டாக வேண்டும். அதற்கு வழி ஒன்றுதான்: கூலிக்காரர் நடக்கும் பாதையில் கடை இருக்க வேண்டும். பல்லாவரத்திலும் திரிசூலத்திலும் கல்லுடைத்தவர்கள், குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள், ஏரிப்பாசன நிலங்களில் படியாளாக இருந்தவர்கள் எல்லோரும் கையில் கூலியோடு வீடு திரும்பிய வட்டாரம் இது. கடை எங்கே அமைய வேண்டும் என்பதை வருவாய்க் கணக்குதான் முடிவு செய்தது. அந்தக் கடைக்கு எதிர்வீட்டில் இருந்தவரை யாரும் கேட்கவில்லை.

கேட்க வேண்டும் என்று முதலில் வாதாடியவர்கள் லண்டனில் இருந்தார்கள். வில்லியம் ஸ்புரோஸ்டன் கெயின், சாமுவேல் ஸ்மித் என்ற நாடாளுமன்ற உறுப்பினர்கள் 1888இல் ஆங்கிலோ-இந்திய மதுவிலக்குச் சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்திய அரசின் ஆப்காரிக் கொள்கையே குடியைப் பரப்புகிறது என்று 1889இல் பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் ஒரு தீர்மானத்தையும் நிறைவேற்றிக் காட்டினார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய நிலையில் 1890இல் இந்திய அரசு தன் கொள்கைகளை எழுதி வைத்தது. அவற்றுள் ஒன்று, கடை விஷயத்தில் உள்ளூர் மக்களின் மனம் என்னவென்று அறிய முயல வேண்டும், அறிந்தபின் அதற்கு நியாயமான அளவு மதிப்புத் தர வேண்டும் என்பது. நியாயமான அளவு எது என்று முடிவு செய்பவர் யார்? கடை ஏலத்தில் வருவாய் காட்ட வேண்டிய அதே அதிகாரிதான். ஊர் வாக்களித்து முடிவு செய்யட்டும் என்ற கோரிக்கையை அரசு ஏற்கவில்லை. இதே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1913இல் ஸ்காட்லாந்து மக்களுக்கு அந்த உரிமையைச் சட்டமாகவே கொடுத்தது. 1920 முதல் அங்கே ஊர் ஊராக வாக்கெடுப்பு நடந்தது. கிர்கின்டில்லாக் போன்ற ஊர்கள் பல பத்தாண்டுகள் மதுக்கடையே இல்லாமல் இருந்தன. கடல் கடந்து இலங்கையில்கூட 1920களில் உள்ளூர் வாக்கெடுப்பு முறை நடப்புக்கு வந்து, யாழ்ப்பாணம் உட்படப் பல இடங்களில் சாராயத் தவறணைகள் மூடப்பட்டன. சென்னை மாகாணத்துக்குக் கிடைத்தது நியாயமான அளவு மதிப்பு மட்டும்தான்.

சட்டம் தராததை மக்கள் தங்கள் உடம்பால் எடுத்துக்கொண்டார்கள். கடைவாசலில் மறியல் என்பது அதுதான். அதற்கு முன்பே இங்கே ஓர் அடித்தளம் விழுந்திருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் இராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய இதழில் பௌத்தத்தின் பஞ்சசீலத்தை எடுத்துச் சொன்னார். அதில் ஐந்தாவது சீலம் மது தவிர்ப்பு. செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் நின்று, விடுமுறை நாள்களில் மதுக்கடைகளை மூட வேண்டுமென்று வாதாடினார். கூலி கிடைக்கும் நாளும் ஓய்வு நாளும் ஒன்றாகும்போது அந்தக் கூலி எங்கே போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மதுவிலக்கு உயர்சாதியினரின் ஒழுக்கவாதம் என்று சொல்பவர்கள் இந்த இருவரையும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். பிறகு 1921 வந்தது. ஈரோட்டில் பெரியார் கள்ளுக்கடை மறியல் செய்து சிறை சென்றார். தம் தோப்பிலிருந்த நூற்றுக்கணக்கான தென்னைகளை வெட்டிச் சாய்த்தார். அவருக்குப் பிறகு மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலை நடத்தினார்கள். பெண்கள் தெருவில் வந்து நின்றதும் போராட்டத்தின் எடை மாறிவிட்டது. மறியல் செய்தவர்கள் கோட்டையை நோக்கி மனுப் போடவில்லை. இந்தத் தெருவில் இந்தக் கடை வேண்டாம் என்றார்கள். 1890ஆம் ஆண்டின் வாக்குறுதியில் சொல்லப்பட்ட உள்ளூர் மனம் இதைவிடத் தெளிவாக எப்படிப் பேச முடியும்?

அந்த மனத்தைச் சட்டமாக்கியவர் இராஜாஜி. திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நடத்தியபோதே அவர் மதுவிலக்கை வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டிருந்தார். அதற்கென்றே ‘விமோசனம்’ என்ற இதழை நடத்தினார். 1937இல் சென்னை மாகாணப் பிரதமராக வந்ததும் சென்னை மதுவிலக்குச் சட்டத்தை நிறைவேற்றி, அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் நடைமுறைப்படுத்தினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் சித்தூர், கடப்பை, வடஆர்க்காடு மாவட்டங்களுக்கும் விரித்தார். மாகாண வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஆப்காரியிலிருந்து வந்த காலம் அது. அந்த ஓட்டையை எப்படி அடைப்பது என்று அவர் முதலில் யோசித்ததில்தான் அவருடைய பெருமை இருக்கிறது. 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இன்று நாம் கடையில் கொடுக்கும் வரிகளுக்கெல்லாம் மூதாதை அதுதான்; மதுவருவாயை இழப்பதற்கு ஈடாகப் பிறந்த வரி அது. காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியபின், போர்க்கால ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. 1946க்குப் பிறகு மீண்டும் படிப்படியாக வந்து, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் காலத்தில் 1948 அக்டோபர் 2ஆம் தேதி மாகாணம் முழுவதும் மதுவிலக்கின் கீழ் வந்தது. இவ்வளவு நேர்மையோடும் உழைப்போடும் செய்யப்பட்ட அந்தச் சட்டத்தில் ஒரு குறை இருந்ததாக நான் நினைக்கிறேன். தெருவில் இருந்த முடிவை அது கோட்டைக்குக் கொண்டுபோய்விட்டது. கடையை மூடுவது அரசின் வேலை என்றாகிவிட்டது. ஆகவே திறப்பதும் அரசின் வேலை என்றானது.

அந்த முழு மதுவிலக்குக் காலம், 1948 முதல் 1971 வரை, ஏழைக் குடும்பங்கள் பலவற்றில் அடுப்பு எரிய உதவியது என்பதை மறுப்பது நியாயமாகாது. அதன் இன்னொரு பக்கத்தையும் மறைக்க முடியாது. வெல்லமும் வெள்வேலம்பட்டையும் பானையில் ஊறலாகப் போட்டு மண்ணில் புதைத்து, பிறகு காய்ச்சி எடுக்கும் தொழில் சென்னையைச் சுற்றிலும் பரவியது. நகரத்துக்குள் இஞ்சி டிங்சரையும் வார்னிஷையும் குடித்துக் கண்ணையும் உயிரையும் இழந்தவர்கள் உண்டு. பரங்கிமலை, பல்லாவரம் கண்டோன்மென்ட்டிலும் தாம்பரம் விமானப்படைத் தளத்திலும் படைவீரர்களுக்கு விதிவிலக்கு இருந்தது. வசதி உள்ளவர்கள் மருத்துவக் காரணம் காட்டி பர்மிட் வாங்கினார்கள். பிடிபட்டது பெரும்பாலும் ஊறல் போட்டவரும் அதைச் சுமந்தவரும்தான். பனையேறிகளுக்குப் பதநீர் உரிமமும் வெல்லக் கூட்டுறவுச் சங்கங்களும் கொடுக்கப்பட்டன. ஆனால் கள் கொடுத்த வருமானத்தைக் கருப்பட்டி கொடுக்கவில்லை. மேலிருந்து வந்த ஒரே சட்டம் எல்லா ஊருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டையாக இருந்தது. கள் வேண்டும் என்ற ஊரும், சாராயம் வேண்டாம் என்ற ஊரும் ஒன்றாகவே நடத்தப்பட்டன.

அதன் பிறகு நடந்ததை விரைவாகவே சொல்லிவிடலாம். 1971 ஆகஸ்டு 30ஆம் தேதி கருணாநிதி அரசு மதுவிலக்கை ஒத்திவைத்தது. புதிதாக மதுவிலக்குக் கொண்டுவரும் மாநிலங்களுக்குத்தான் மத்திய அரசு இழப்பீடு தரும், ஏற்கெனவே கடைப்பிடிக்கும் தமிழ்நாட்டுக்குத் தராது என்ற வாதத்தில் உண்மை இருந்தது. நம்மைச் சுற்றியிருந்த மாநிலங்களில் மது ஓடியதும் உண்மைதான். தொண்ணூறு வயதைத் தாண்டிய இராஜாஜி வேண்டிக்கொண்டும் பயனில்லை. 1973இல் கள்ளுக்கடைகளும் 1974இல் சாராயக் கடைகளும் மூடப்பட்டன. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் திறந்தன. 1983இல் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக் என்ற அரசு நிறுவனம் உருவானது. 1987இல் கள்ளும் சாராயமும் மறுபடி தடை. 1990இல் மலிவு விலை மது, 1991இல் அதுவும் ரத்து. இத்தனை திருப்பங்களிலும் ஓர் ஊரையாவது கூப்பிட்டு உங்கள் விருப்பம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தபோது நிலைமை அடியோடு மாறியது. அது வெறும் நிர்வாக ஏற்பாடு என்று பலர் கடந்துபோகிறார்கள்; எனக்கு அது 1937க்குப் பிறகு நடந்த மிகப் பெரிய மாற்றமாகத் தெரிகிறது. 1921இல் மறியல் செய்தவருக்கு எதிரே நின்றவர் குத்தகைக்காரர். அரசு நடுவில் இருந்தது, குறைந்தபட்சம் நடுவராகத் தோன்றியது. இன்று கடை வைப்பவர், இடம் தேர்ந்தெடுப்பவர், வரி வசூலிப்பவர், புகாரை விசாரிப்பவர், எதிர்த்து நிற்பவரைக் கைது செய்பவர் எல்லாம் ஒருவரே. இவை அத்தனையும் நடப்பது இராஜாஜி கொண்டுவந்த அதே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் திருத்தங்களின் கீழ்தான்.

இதன் விளைவை, தாம்பரம் வழியே செல்லும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலை 2017இல் கண்முன் காட்டியது. நெடுஞ்சாலை ஓரத்தில் மதுக்கடை கூடாது என்ற தமிழ்நாட்டு வழக்கில் 2016 டிசம்பர் 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் விற்பனை கூடாது. சிறிய ஊர்களுக்கு அது 220 மீட்டராகப் பின்னர் தளர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் மட்டும் 3,000க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. மூடிய கடை எங்கே போகும்? பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை நெடுஞ்சாலையின் இருபக்கமும் 500 மீட்டர் உள்ளே போனால் அங்கே இருப்பது குடியிருப்பு. மாநிலம் முழுக்கவே கடைகள் ஊருக்குள் நுழைய முயன்றன. பெண்கள் வந்து வழிமறித்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அப்படி நின்ற ஒரு பெண்ணைக் காவல் அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே பார்த்தது. 2017 ஜூலையில் நகராட்சி எல்லைகளுக்குள் இந்தத் தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் விளக்கியதும் நெடுஞ்சாலைக்குத் திரும்பும் வழி நகரங்களுக்குத் திறந்தது. இதையும் 50 மீட்டர் விதியையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும்: ஊர் நகரமாக வளர வளர, கடையை எதிர்க்க அதற்கிருந்த பிடிமானங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடுகின்றன. கிராம ஊராட்சியாக இருந்தால் கிராம சபையைக் கூட்டித் தீர்மானமாவது போடலாம். அது அரசைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் பதிவாகவாவது நிற்கும். பேரூராட்சிக்கும் நகராட்சிக்கும் கிராம சபையே கிடையாது.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது பணம் பற்றியது. மதுவிலிருந்து அரசுக்கு 2023-24இல் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வந்தது. 2017இல் சரக்கு, சேவை வரி வந்தபின் மாநிலங்கள் தாமே விகிதம் வைத்துக்கொள்ளக்கூடிய பெரிய வரிகள் சிலவே மிஞ்சின. மதுவும் பெட்ரோலும் அவற்றில் முக்கியமானவை. 1939இல் இராஜாஜி செய்ததுபோல் ஒரு புதிய வரியை யோசித்துக் கொண்டுவர இன்றைய முதலமைச்சர் யாருக்கும் இடமில்லை என்பது உண்மை. ஆனால் இந்த வாதம் முழு மதுவிலக்கை எதிர்க்கத்தான் உதவும். ஊர் வாக்களித்து ஒரு கடையை மூடுவதால் கஜானா கவிழ்ந்துவிடாது. 2016இல் 500, 2017இல் 500, 2023இல் 500 என்று அரசே கடைகளை மூடியிருக்கிறது. அரசு நடந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த 500 எவை என்று யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

அடுத்த மறுப்பு, கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்பது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், தாம்பரம் இருக்கும் இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் மதுராந்தகம் பக்கமும் மெத்தனால் கலந்த சாராயம் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டு முறையும் டாஸ்மாக் கடைகள் திறந்தேதான் இருந்தன. இறந்தவர்கள் கூலித் தொழிலாளர்கள். கடைச் சரக்கைவிட மலிவாகக் கிடைத்ததைக் குடித்தவர்கள். தொழிற்சாலைக்குப் போக வேண்டிய மெத்தனால் வழிமாறுவதையும், காவல்துறை கண்டும் காணாமல் இருப்பதையும் கடைகளின் எண்ணிக்கை தடுக்கவில்லை. கடை மூடிய தெருவில் பாட்டிலைப் பதுக்கி விற்பவர் முளைப்பார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நண்பகலுக்கு முன் கடை திறக்காத இன்றைக்கும் அந்த வியாபாரம் நடக்கத்தான் செய்கிறது. அதைப் பிடிப்பதற்குத்தான் மதுவிலக்குக் காவல் பிரிவு இருக்கிறது.

என்னை அதிகம் யோசிக்க வைத்த மறுப்பு வேறொன்று. ஊருக்கு உரிமை கொடுத்தால் குரல் உள்ளவர்கள் கடையைத் துரத்துவார்கள், அது குரல் இல்லாதவர்கள் வாசலில் போய் நிற்கும் என்பது அது. தென் சென்னையில் இது வெறும் கற்பனை ஆகாது. நகரத்தின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களை அரசு கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுவந்து குடியேற்றியது. பக்கத்திலேயே காவலாளி நிற்கும் அடுக்குமாடி வளாகங்கள். குடியிருப்போர் சங்கம் மனு எழுதும், வழக்குப் போடும். வாரியக் குடியிருப்பில் இருக்கும் பெண் கூலிக்குப் போக வேண்டும். ஆகவே மனுவின் வலிமையால் கடை நகரும் இன்றைய முறைதான் உண்மையில் அநியாயமானது. அதற்கு மாற்று வாக்குச்சீட்டு. மகாராஷ்டிரத்தில் இப்படி ஒரு முறை இருக்கிறது: ஒரு கிராமத்தின் அல்லது நகராட்சி வார்டின் பெண் வாக்காளர்களில் நான்கில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டுக் கேட்டால் ரகசிய வாக்கெடுப்பு நடக்கிறது. வாக்குச்சீட்டில் இரண்டு படங்கள்: நிமிர்ந்து நிற்கும் பாட்டில், சாய்ந்து கிடக்கும் பாட்டில். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணும் சாய்ந்த பாட்டிலைத் தேடி முத்திரை குத்திவிட முடியும். அந்தப் பக்கம் தேவையான அளவு வாக்கு விழுந்தால் கடை மூடப்படுகிறது. 1992இல் நெல்லூர் மாவட்டத்துத் துபகுண்டாவில் சாராயக் கடைக்கு எதிராக எழுந்த பெண்களின் போராட்டம் ஆந்திர அரசையே அசைத்தது. ஆனால் அங்கும் அதன் பலன் மேலிருந்து வந்த ஒரு முழு மதுவிலக்காக 1995இல் வந்து, 1997இல் போய்விட்டது. மகாராஷ்டிரத்து முறையில் முதலமைச்சர் மாறியதும் ஊரின் முடிவு தானாகக் கலைந்துவிடுவதில்லை. வாக்குச்சீட்டு முறை பனையேறிகளுக்கும் பொருந்தும்: சாராய வகைகள் வேண்டாம், கள் இருக்கட்டும் என்று ஓர் ஊர் சொன்னால் அதற்கும் வழி திறக்கலாம்.

தாம்பரம் மாநகராட்சியில் 70 வார்டுகள் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டின் விதிகளின்படி நகர்ப்புற வார்டுகளிலும் வார்டு குழு, பகுதி சபை கூட வேண்டும். தெருவிளக்கு, குடிநீர், குப்பை பற்றி அங்கே பேசலாம். மதுக்கடைக்கு அந்தச் சபையின் ஒப்புதல் வேண்டும் என்று சொல்ல 1937ஆம் ஆண்டுச் சட்டத்தையே மாற்ற வேண்டியதில்லை. 50 மீட்டர், 100 மீட்டர் என்று தூரம் குறித்திருப்பது அந்தச் சட்டத்தின் கீழ் அரசு வகுத்த சில்லறை விற்பனை விதிகளில்தான். அவற்றில் வார்டு வாக்கெடுப்புக்கு ஒரு பிரிவைச் சேர்த்து அரசிதழில் வெளியிடுவதுதான் செய்ய வேண்டிய வேலை.